ஏழாம் தேதி

என்னிடம் வரும் சம்பளப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை கல்லாவுக்கு அடியில் கிடக்கும் ஒரு நீள நோட்டில்தான் தொடங்குகின்றன. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள். உள்ளே ஆள் பெயர், வந்த நாள், வராத நாள், கடைசிக் கட்டத்தில் கழித்தல் குறியோடு ஒரு தொகை. எதற்காகக் கழித்தார்கள் என்பது நோட்டில் இருக்காது, மேனேஜரின் நினைவில் இருக்கும். டம்ளர் உடைந்தது. பத்து நிமிஷம் தாமதம். சாப்பிட்ட ஆள் பில் கட்டாமல் நழுவிவிட்டார். ஊருக்குப் போனவள் ஒரு நாள் பிந்தி வந்தாள். சம்பளம் கைக்கு வந்து எண்ணிப் பார்க்கும்போதுதான் சம்பந்தப்பட்டவருக்கே விஷயம் தெரியும்.

திருவண்ணாமலையில் தொழிலாளர் தரப்பில் வழக்காடுகிறவள் நான். தொழிற்சாலை என்றால் மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் செய்யாறு சிப்காட்டுக்குப் போக வேண்டும். அரிசி ஆலைக்கும் பட்டுத் தறிக்கும் ஆரணி. நகரத்துக்குள் பிழைப்பெல்லாம் கோயிலையும் மலையையும் ஒட்டித்தான்: லாட்ஜ், ஹோட்டல், மெஸ், துணிக்கடை, பார்க்கிங். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் வந்து மலையைச் சுற்றிக் கிரிவலமாக 14 கிலோமீட்டர் நடக்கும். அந்த ஒன்றிரண்டு நாளுக்கு இலை எடுக்க, தண்ணீர் வைக்க, செருப்பு டோக்கன் கொடுக்க என்று கூலி பேசிக் கூடுதல் ஆள் சேர்ப்பார்கள். விடிந்ததும், "கூட்டம் ஓயட்டும், நாளைக்கு வந்து வாங்கிக்க" என்பார்கள். நாளைக்குப் போனால் ஓனர் வெளியூர். கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிற ஆண்கள் மூன்றாவது நடையில் கைவிட்டுவிடுவார்கள், பஸ் காசே கூலியைத் தின்றுவிடும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. அவர்கள் நாலாவது நடையும் போவார்கள், பிறகு என்னிடம் வருவார்கள். இலவசப் பயணத் திட்டம் கூலி வசூலுக்கும் இப்படி உதவும் என்று அதைக் கொண்டுவந்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

சம்பளத்தில் கைவைக்காதே, காலத்தில் கொடு என்று சொல்லும் சட்டம் இந்தியாவுக்கு 1936-ல் வந்தது. விட்லி தலைமையிலான தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-ல் அறிக்கை கொடுத்து, அதன் பலனாக வெள்ளைக்காரன் காலத்திலேயே பிறந்த ஊதியம் வழங்கல் சட்டம் அது. 1937 மார்ச் 28-லிருந்து அமலுக்கு வந்தது. அதன்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டியிருந்தது. அதற்கு மேல் ஆள் இருந்தால் பத்தாம் தேதிக்குள். வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும். அபராதத்துக்கு உச்ச வரம்பு, ரூபாய்க்கு அரையணா. பதினாறணா ரூபாயில் அரையணா என்றால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, நூற்றுக்கு மூன்று சொச்சம். அணா போன பிறகும் அந்த அளவு போகவில்லை, மூன்று சதவீதமாக இன்றும் நிற்கிறது.

அந்த அபராதத்தையும் நினைத்தபடி போட முடியாது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதல் பெற்ற பட்டியலை வேலையிடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் போடக் கூடாது. தவணையில் பிடிக்கக் கூடாது. பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வசூலான பணத்தைத் தொழிலாளர் நலனுக்குத்தான் செலவழிக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சொன்னால் முதலாளிகள் நான் விளையாடுகிறேன் என்று நினைப்பார்கள். "அபராதப் பணத்துல நீங்க இவங்களுக்கு என்ன செஞ்சீங்க சார்?" என்று விசாரணையில் கேட்டபோது ஒருவர், "தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுத்தேனே" என்றார். ரசீது இல்லை.

பொருள் சேதத்துக்குப் பிடிப்பதற்கும் கட்டு உண்டு. அந்தப் பொருள் பாதுகாக்கச் சொல்லி அந்த ஆளிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், இழப்பு அவருடைய கவனக்குறைவால் நேரடியாக நேர்ந்திருக்க வேண்டும். ஓர் அரிசி ஆலையில் சுமை தூக்குகிறவர்களின் சம்பளத்தில், குடோனில் எலி கடித்த மூட்டைகளுக்காகப் பிடித்துவிட்டார்கள். மூட்டைகளை இவர்கள் பொறுப்பில் விட்டதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். பதில் இல்லை. விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தீர்களா? அதுவும் இல்லை. விசாரித்த அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "எலிக்காவது குடுத்தீங்களா?" என்றார். பிடித்த தொகை அடுத்த வாய்தாவுக்குள் திரும்பி வந்தது. சட்டம் பிடித்த தொகையின் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்கிறது. நான் பத்து மடங்கைக் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டு எழுதுவேன், எதிர்த்தரப்பு வக்கீலின் முகம் மாறுவதற்கு அது உதவும்.

பிடித்தத்தைப் பற்றியாவது ஆட்கள் கோபப்படுகிறார்கள். தாமதத்தை யாரும் குற்றமாகவே பார்ப்பதில்லை. "குடுத்துட்டாங்க மேடம், கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்" என்பார்கள். எனக்கு இதில்தான் ஆற்றாமை அதிகம். கிரிவலப் பாதைப் பக்கம் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிய பெண் ஒருவரின் கணக்கை மட்டும் இங்கே வைக்கிறேன்.

சம்பளம் 9,000. ஏழாம் தேதி வர வேண்டியது, மாதம்தோறும் 18, 19-க்குத்தான் வரும். பௌர்ணமி எந்தத் தேதியில் விழுகிறதோ அதைப் பொறுத்து இன்னும் தள்ளும். ஓனர் கூட்டத்துக்குச் சரக்கு வாங்கக் கையில் இருக்கும் பணத்தை வைத்துக்கொள்வார். அந்தப் பெண்ணுக்குக் குழுக் கடன் தவணை பத்தாம் தேதி, 2,300 ரூபாய். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை வைத்துக்கொண்டு பைனான்ஸ்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். அதனால் ஒன்பதாம் தேதி தெருவிலேயே ஒருவரிடம் பத்து வட்டிக்கு 2,500 வாங்குவார். பத்து நாளில் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு மாத வட்டி 250.

"அதென்னம்மா பெரிய காசு, எல்லாரும் வாங்குறதுதான்" என்றார் அவர். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். தவறு செய்த தொழிலாளிக்கு, விசாரணை நடத்தி, பதிவேட்டில் எழுதி, ஒரு முதலாளி போடக்கூடிய உச்ச அபராதம் அவர் சம்பளத்தில் 270 ரூபாய். ஒரு தவறும் செய்யாமல் இவர் மாதாமாதம் 250 கட்டிக்கொண்டிருந்தார். அது முதலாளியின் எந்த நோட்டிலும் ஏறாது, வட்டிக்காரரின் நோட்டில் ஏறும். ஓனருக்கோ வட்டியில்லாக் கைமாற்று, அத்தனை சிப்பந்திகளிடமிருந்தும்.

சட்டமும் தாமதத்தைச் செல்லமாகத்தான் கண்டித்தது. 2005 வரை, தாமதத்துக்கு அதிகபட்ச இழப்பீடே 25 ரூபாய். அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் 1,500-க்குக் குறையாமல் 3,000 வரை என்று ஆக்கினார்கள். அரசு முதலாளியானால் இன்னும் சிக்கனம். நூறு நாள் வேலையில் 15 நாளுக்குள் கூலி வராவிட்டால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் என்று வகுத்திருந்தார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாளைக்கு 50 பைசா. 50 பைசா நாணயத்தைக் கடைக்காரர் வாங்குவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன.

அந்தப் பெண்ணின் வழக்கைத் தாமதத்துக்காக நான் போடவில்லை. எந்தச் சட்டத்தில் போடுவது என்பதே அந்த நாட்களில் எங்கள் வேலையில் பாதி. ஆலை என்றால் 1936 சட்டம். கடை என்றால் 1947-ஆம் ஆண்டு கடைகள் சட்டம். ஹோட்டல் என்றால் 1958-ஆம் ஆண்டு உணவு நிறுவனங்கள் சட்டம். கொடுத்ததே குறைவு என்றால் 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பிரிவு 20, ஆறு மாதத்துக்குள். பேசிய சம்பளத்தில் தகராறு இல்லை, கொடுக்கத்தான் இல்லை என்றால் பிரிவு 20 செல்லாது. 1969-ல் அதணி நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. அப்போது தொழில் தகராறுச் சட்டம் 33சி(2)-ன் கீழ் வேலூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதற்குக் காலவரம்பு இருக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். பாத்திரம் கழுவுகிறவரை வேலூர் பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் நான் நிறைய யோசிப்பேன்.

நல்லவேளை, அவருக்குக் கொடுத்த 9,000 ரூபாயே அரசு அறிவித்த ஊதியத்துக்குக் கீழே. தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து அகவிலைப்படியைக் கூட்டி அறிவிப்பார்கள். ஹோட்டல்காரர்கள் இட்லி விலையை ஏற்றும்போது குறியீட்டைப் பார்ப்பார்கள், சம்பளத்துக்குப் பார்க்க மறந்துவிடுவார்கள். குறைந்த தொகையைக் கணக்கிட்டு மனு போட்டேன்.

எதிர் மனுவின் முதல் வரியை நான் படிக்காமலே சொல்வேன்: மனுதாரர் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை. எந்த ஊதிய வழக்கும் இங்கேதான் மாட்டும். நியமனக் கடிதம் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, இஎஸ்ஐ எண் கிடையாது. கையெழுத்து வாங்கியிருந்தால் அது ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெறும் தாளில். ஆகவே ஆதாரத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். "லீவு போடாதே, நாளைக்கு பௌர்ணமி" என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு. முன்பணம் அனுப்பிய ஜிபே ஸ்கிரீன்ஷாட். இவற்றையெல்லாம் விட என் அனுபவத்தில் கைகொடுத்தது ஆயுத பூஜை போட்டோ. பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து, எல்லோரையும் நிற்கவைத்து ஓனர் நடுவில் நின்று எடுத்துக்கொள்ளும் குரூப் போட்டோ. ஹோட்டல் பெயர்ப் பலகையும் பின்னால் தெரியும். அந்தப் பெண் இரண்டாம் வரிசையில், கடையில் கொடுத்த ஏப்ரனோடு நின்றார். போட்டோவை முகநூலில் போட்டதே ஓனரின் மகன்தான். அதைத் தாக்கல் செய்ததும், "எப்பவாவது வந்து உதவி செய்யும்" என்று பேச்சு மாறியது. அன்றைக்கே நாங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம்.

பதிவேட்டை மூன்று ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும் என்பது ஆலைகளுக்கான பழைய சட்டத்தின் விதி. மற்றவர்களுக்கும் ஏதோ ஒரு பதிவேடு கட்டாயம் உண்டு. அதைக் கொண்டுவரச் சொல்லி மனுப் போட்டால் வராது. வராத பதிவேட்டைத்தான் நான் முக்கியச் சாட்சியாக வைத்துக்கொள்வேன். இதைச் சக வக்கீல்கள் சிலர் ஏற்க மாட்டார்கள், ஆவணம் இருந்தால்தான் வழக்கு என்பார்கள். கிளீனரிடம் ஆவணம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஊரை விட்டுப் போகிறவர்களின் கதை இதைவிடக் கடினம். செங்கம், தண்டராம்பட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது இன்று நேற்றுப் பழக்கமல்ல. ஜவ்வாது மலையிலிருந்து கேரளாவுக்கும் குடகுக்கும் போகிறார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்து வேனில் ஏற்றுவார். சம்பளத்தன்று முன்பணம் போக, வேன் வாடகை போக, அரிசி போக, தலைக்கு இவ்வளவு கமிஷன் போக என்று கழித்துக்கொண்டே வருவார். வேலையில் சேர்வதற்கு முன் கொடுத்த முன்பணத்தைப் பிடிக்கலாம், ஆனால் பயணச் செலவுக்காகக் கொடுத்ததைப் பிடிக்கவே கூடாது என்று 1936 சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொன்னது. இதைச் சொன்னபோது ஒரு மேஸ்திரி உண்மையிலேயே திகைத்துப்போனார். "அப்ப வேனுக்கு யாரு மேடம் காசு குடுக்குறது?" கூட்டிப்போகிற கம்பெனி கொடுக்க வேண்டும் என்றேன். அவருக்கு அந்த யோசனையே புதிதாக இருந்தது. அவர் கையில் இருந்ததும் கம்பெனி கொடுத்த கடன்தான்.

கமிஷன் வெட்டு விவகாரம் 1982-லேயே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத்தில் நாள் கூலி ஒன்பதேகால் ரூபாய். அதில் ஜமாதார் ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு எட்டேகாலைத்தான் கொடுத்தார். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழ் வேலை வாங்கினால் அது அரசியல் சட்டம் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். பசிக்காக ஒத்துக்கொண்டதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது என்பதுதான் அதன் சாரம். காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலை கொடுத்த முதன்மை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் சொன்னது. ஆகவே இப்போது பெங்களூர் கேஸ் வந்தால் மேஸ்திரியை விட்டுவிட்டு, சைட்டில் எந்த பில்டர் பெயர் எழுதியிருந்தது என்றுதான் முதலில் கேட்பேன். பலருக்குத் தெரியாது. குழந்தைகளுக்குத் தெரியும், அவர்கள்தான் அந்தப் பலகைக்கு அடியில் விளையாடியிருப்பார்கள்.

முன்பணம் இன்னும் முற்றினால் அது சம்பள வழக்காக இருக்காது. கடனுக்காக ஆளை வெளியே விட மறுத்தால் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். மரம் வெட்டும் இடங்களிலும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வட மாவட்டத்து இருளர் குடும்பங்கள் இப்படிச் சிக்கியதுண்டு. அங்கே நான் மனு போடுவதில்லை, கோட்டாட்சியருக்குத் தகவல் போக வேண்டும், விடுதலைச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்று கையில் வந்தால் பழைய கடன் சட்டப்படி செத்தது.

வங்கியில் போட்டால் இதெல்லாம் ஒழியும் என்று நம்பினோம். 2017-ல் காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோ கொடுக்கலாம் என்று திருத்தம் வந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2009-லேயே சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும், அமைச்சகம் அதைப் பார்க்கும் என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே என்ன நடந்தது? முழுச் சம்பளமும் கணக்கில் ஏறும், ஏடிஎம் கார்டு சூப்பர்வைசரிடம் இருக்கும். அல்லது பணம் ஏறிய அன்று மாலை, "மீதியை எடுத்துக் குடுத்துடு" என்பார். பாஸ்புக்கில் ஏழாம் தேதி முழுச் சம்பளம், எட்டாம் தேதி வரிசையாக எல்லார் கணக்கிலும் ஒரே தொகை எடுத்திருக்கும். ஆறேழு பேரின் பாஸ்புக்கை மேசையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்தால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆறேழு பேர் சேர்ந்து வர வேண்டும். அதுதான் நடப்பதில்லை.

பாத்திரம் கழுவிய பெண்ணின் வழக்கு ராஜியில் முடிந்தது. கணக்கிட்ட தொகையில் முக்கால் பங்குக்கு இறங்கினார்கள். நான் இன்னும் இரண்டு வாய்தா பார்க்கலாம் என்றேன். உத்தரவு வாங்கினாலும் அதை வசூலிக்க மாஜிஸ்ட்ரேட் வழியாகத் தனி நடை நடக்க வேண்டும், எதிர்த்தரப்பு ரிட் மனு போடவும் வழி இருக்கிறது என்பதையும் சொன்னேன். "பள்ளிக்கூடம் தொறக்குதும்மா" என்றார். கையெழுத்துப் போட்டோம். ராஜியைத் தோல்வி என்று சொல்லும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வழக்கு அவருடையது, ஜூன் மாதமும் அவருடையது. பணத்தை அங்கேயே எண்ணச் சொன்னேன். நூறு குறைந்தது. ஓனர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், பழக்கதோஷம் போல.

2019-ல் நிறைவேறி ஆறு ஆண்டு தூங்கிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இதையும் சேர்த்து நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. மற்ற மூன்றைப் பற்றி எனக்கும் கவலைகள் உண்டு. ஆனால் சம்பளக் கோரிக்கையைப் பொறுத்தவரை சில விஷயங்கள் கைக்கு வாட்டமாகத்தான் இருக்கின்றன. ஆலை, கடை, ஹோட்டல் என்று தனித்தனிக் கதவைத் தட்ட வேண்டாம். தினக்கூலி என்றால் ஷிஃப்ட் முடிந்ததும் கொடுக்க வேண்டும், பௌர்ணமிக் கூலிக்கு "நாளைக்கு வா" செல்லாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கோரிக்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம். எனக்கு முக்கியமானது பிரிவு 59: கொடுத்தேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அறிவிப்பின்றி வேலைக்கு வராவிட்டால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்ற பழைய முள்ளை மட்டும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு மாற்றமும் உண்டு. 1936 சட்டம் கடைசியாக மாதம் 24,000 வரை வாங்குகிறவர்களுக்குத்தான் பொருந்தியது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு இல்லை, மேனேஜரும் அதன்படி ஊழியர்தான். பொங்கல் கழிந்து ஒரு மாலை, வேங்கிக்கால் கோர்ட்டிலிருந்து நான் திரும்பும்போது வாசலில் ஒருவர் நின்றார். பல வழக்குகளில் ஒரு லாட்ஜின் சார்பில் எனக்கு எதிராக வந்து உட்கார்ந்தவர். அந்த நீள நோட்டை எழுதியவரும் அவர்தான். லாட்ஜ் கைமாறியதில் டிசம்பர் சம்பளம் நின்றுவிட்டது, கார்த்திகைத் தீபத்துக்கு ராப்பகலாக நின்றதற்கும் ஒன்றும் இல்லை, புது ஓனர் பழைய ஓனரைக் கை காட்டுகிறார்.

"உக்காருங்க சார். அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் இருக்கா?"

"இல்ல மேடம்."

"சம்பளச் சீட்டு?"

"அங்க யாருக்கும் குடுக்கிறதில்லையே. உங்களுக்குத் தெரியாததா?"

நோட்டு எங்கே என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கிளம்பும்போது ஜெராக்ஸ் கூட இல்லாமல் அசலையே எடுத்து வந்திருக்கிறார். அவர் வரிக்கு ஒரு பக்கம் மனு எழுதும் வேலை இருந்தது. ஆனால் பக்கங்களைப் புரட்டியபோது அவர் வரி மட்டும் இல்லை, அந்த லாட்ஜில் துடைத்த, பெருக்கிய, படுக்கை விரித்த அத்தனை பேரின் கழித்தல்களும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. மூன்று ஆண்டுக்குள் வருகிறவை எவை என்று பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன். "இதையும் போடப்போறீங்களா மேடம்?" என்றார். சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.